பழைய பெயர்ப்பலகைகளில் ஒரு குறள்

கேள்வி: கடைகளில் கழித்துப்போட்ட பழைய பெயர்ப்பலகைகளைக் கொண்டு ஒரு குறுங்கவிதையைச் சுவரில் மாட்டும் கலைப்படைப்பாக்க ஆசை. எந்தக் கவிதையை எடுக்கலாம்? எப்படித் தொடங்குவது?

பொருளைப் பார்த்துக் கவிதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காயலான் கடையில் தகரப் பலகை எடைக்குக் கிடைக்கும், கேட்ட எழுத்து கிடைக்காது. ‘ஸ்டோர்ஸ்’, ‘ஜவுளி’ புண்ணியத்தில் ஸகரமும் ஜகரமும் குவிந்து கிடக்கும். குறளில் அவற்றுக்கு வேலையே இல்லை. ழகரம் வேண்டுமென்றால் ஒரு பழக்கடை பலகையை மாற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் எடுத்தது 391ஆம் குறள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

மொத்தம் 27 எழுத்து. துணைக்கால் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் வல்லினம், ட, ப இரண்டும் நேர்க்கோடுகள் என்பதால் தகரக் கத்தரிக்குப் பிரச்சினை இல்லை. ககரம்தான் நிறைய வேண்டும், அது எந்தக் ‘கடை’யிலும் உண்டு. றகரத்துக்கு ‘விற்பனை’யும் ‘சிற்றுண்டி’யும் பஞ்சர் கடையின் ‘காற்று’ம் கைகொடுத்தன. ‘வை’ ஒரு வைத்தியசாலைப் பலகையிலிருந்து வந்தது.

இனி புள்ளி. இந்தக் குறளில் எட்டுப் புள்ளிகள். எழுத்தை ஒட்டி வெட்டினால் முதலில் பறிபோவது புள்ளிதான்; ‘கற்க’ என்பது ‘கறக’ என்றாகிப் பால்காரர் விளம்பரம் போலாகிவிடும். அதனால் எல்லாப் புள்ளிகளையும் விட்டுவிட்டு, தகரத்தை மரப்பலகையில் பிடிக்கும் திருகாணியையே புள்ளி விழவேண்டிய இடத்தில் முடுக்கினேன். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணியாக வாங்குங்கள்.

எழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் பழைய பலகையை விட்டே வெட்டுங்கள். பெயிண்டர் போட்ட நிழலும், பக்கத்து எழுத்தின் வாலும், பாதி அழிந்த தொலைபேசி எண்ணும் இருந்தால்தான் அது பலகையிலிருந்து வந்தது என்பது தெரியும். ஆஸ்திரேலியக் கலைஞர் ரோசலி காஸ்கோய்ன் பழைய சாலைப் பலகைகளைத் துண்டாக்கிக் கட்டம் கட்டமாக அடுக்கியவர். அவர் படைப்புகளில் எழுத்துகள் அரைகுறையாகவே நிற்கும். 57 வயதில்தான் முதல் தனிக் கண்காட்சி வைத்தார். வயதாகிவிட்டது என்று தயங்குவோர் கவனிக்கவும். எல்லா எழுத்துக்கும் ஒரே வண்ணம் பூசிச் சீராக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதற்கு ஃப்ளெக்ஸே அடித்துக்கொள்ளலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, தும்பிக்கை வைத்த ‘லை’, ‘னை’ உள்ள பலகை கிடைத்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். முழுதாக மாட்டுங்கள்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். துருவை முழுதும் சுரண்ட வேண்டியதில்லை, உதிர்வதை மட்டும் எடுத்துவிட்டு நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். நெடுஞ்சாலைத் துறைப் பலகை மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள், அது எங்கிருந்து கழற்றப்பட்டதோ!