மீட்டெடுத்த தெருநாய்க் குட்டியின் முன்கால் நாளுக்கு நாள் வளைகிறது. வளர்ந்தால் சரியாகுமா, ஆபரேஷன் தேவையா?

கேள்வியில் உள்ள விவரம் இதுதான்: சுமார் நான்கு மாதக் குட்டி, பைக்கில் அடிபட்டது, முதல் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மூன்று வாரத்தில் பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. வளர்ந்தால் சரியாகாது. வளர வளரத்தான் இது மோசமாகும்.

நாயின் முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். இரண்டும் சேர்ந்தே நீள வேண்டும். அல்னாவின் நீளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கம் உள்ள ஒரே வளர்ச்சித் தகட்டிலிருந்து (எலும்பு நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்புப் பகுதி) வருகிறது. நாய்க்கு அந்தத் தகடு தட்டையாக இல்லாமல் புனல் வடிவில் இருக்கும். அதனால் எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் நசுங்க வாய்ப்பு அதிகம். நசுங்கிய செல்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் படம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்ட குட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்வது இதற்காகவே.

தகடு நசுங்கியதால் அல்னாவின் வளர்ச்சி நின்றுவிட, ரேடியஸ் மட்டும் நீள்கிறது. வில்லுக்கு நாண் கட்டியது போல ரேடியஸ் முன்பக்கமாக வளைகிறது, பாதம் வெளியே திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் நடக்கிறது: முழங்கை மூட்டு மெல்ல விலகுகிறது. வளைந்த காலை பிற்பாடு நிமிர்த்திவிடலாம். தேய்ந்த முழங்கையைத் திருப்பித் தர முடியாது. அவசரம் வளைவுக்காக அல்ல, முழங்கைக்காக.

முதலில் வயதை உறுதி செய்யுங்கள். மீட்ட குட்டிக்குப் பிறந்த தேதி கிடையாது, பல்தான் சாட்சி. முன்பற்கள் நான்கு மாதவாக்கில் விழுந்து முளைக்கும், கோரைப்பற்கள் ஐந்து ஆறு மாதத்தில். ஊசி போன்ற பால் கோரைப்பல் இன்னும் இருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது இரண்டு முன்கால்களையும் எடுக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முழங்கையும் மணிக்கட்டும் ஒரே படத்துக்குள் வர வேண்டும். நல்ல கால்தான் அளவுகோல். அது இல்லாமல் எத்தனை டிகிரி வளைவு என்று சொல்வது வெறும் ஊகம்.

இரண்டு கால்களும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அடி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வெறும் பால்சோறோ, எலும்பில்லாத கறி மட்டுமோ தின்று வளர்ந்த குட்டிகளுக்கும், வழுக்கும் டைல்ஸில் வளரும் குட்டிகளுக்கும் மணிக்கட்டு தொய்வதுண்டு; உணவையும் தரையையும் மாற்றினாலே பல குட்டிகள் தேறும். பாதத்தின் மேற்புறம் தரையில் இழுபட்டு, விரலை அழுத்திக் கிள்ளினாலும் குட்டி திரும்பிப் பார்க்காவிட்டால் அது நரம்புச் சேதம். அங்கே எலும்பை நிமிர்த்தி ஒரு பயனும் இல்லை.

தப்பை வைத்துக் கட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, கால்சியம் சிரப் எதுவும் நின்றுபோன தகட்டை எழுப்பாது. கால்சியம் அளவு மீறினால் வளரும் எலும்புக்கே கெடுதல்.

வளர்ச்சி மிச்சம் இருக்கும் குட்டிக்குச் செய்வது சின்ன ஆபரேஷன். நாண் போல இழுத்துப் பிடிக்கும் அல்னாவை அறுப்பது, அவ்வளவுதான். அல்னாவின் கீழ்ப்பகுதியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டை, அதைச் சுற்றியுள்ள எலும்புறையோடு சேர்த்து எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் குட்டியின் உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்பை வைப்பார்கள். பிளேட் வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம். எலும்புறையைச் சரியாக எடுக்காவிட்டாலோ கொழுப்பு நழுவினாலோ சில வாரங்களிலேயே எலும்பு மறுபடி ஒட்டி நாண் திரும்பக் கட்டிக்கொள்ளும். வளைவு சுமார் 25 டிகிரிக்குள் இருந்து, ரேடியஸ் தகடு நன்றாக இருந்தால், மிச்ச வளர்ச்சியிலேயே கால் ஓரளவு நிமிரும். முழங்கை ஏற்கெனவே விலகியிருந்தால் அல்னாவை மேலே, முழங்கைக்கு அருகில் வெட்ட வேண்டி வரும்.

வளர்ச்சி முடிந்த நாய்க்கு (தெருநாய் அளவில் பத்து மாதம் தாண்டினால்) கதையே வேறு. ரேடியஸை வெட்டி, வளைவையும் முறுக்கையும் சேர்த்துத் திருத்தி, பிளேட்டோ வெளிச்சட்டமோ (தோலுக்கு வெளியிலிருந்து எலும்பைப் பிடிக்கும் சட்டம்) போட வேண்டும். 15 முதல் 20 கிலோ நாய்க்குப் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் பிளேட், வெட்டின இருபுறமும் குறைந்தது மூன்று ஸ்க்ரூ. ரேடியஸுக்குள் கம்பி விடுவதாக யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள்: கம்பியின் முனை மணிக்கட்டு மூட்டுக்குள் போய்விடும், முறுக்கையும் அது பிடிக்காது.

மயக்க மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். தெருக்குட்டிகளில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். அதில் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது. அதற்கான ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின் தொடங்கி, தட்டணு ஏறியதும் செய்யலாம்; நான்கு வாரக் கோர்ஸ் முடியட்டும் என்று உட்கார்ந்தால் வளர்ச்சிக்காலம் கரைந்துவிடும். கண், மூக்கில் சீழ், இருமல், பேதி இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். வளரும் குட்டிக்கு என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் மாற்று உண்டா என்று கேளுங்கள், மூட்டுக் குருத்தெலும்பை அது கெடுக்கலாம். வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்க வேண்டாம்.

இடம்: சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. தனியாரிடம் போனால் கட்டணத்தில் பிளேட், மறு எக்ஸ்ரே, கட்டு மாற்றுவது எல்லாம் அடங்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான ஆபரேஷன்கள் மேசையில் கெடுவதில்லை, வீட்டில்தான் கெடுகின்றன. பிளேட் போட்ட நாய்க்கு ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு ஓய்வு. சிறுநீர் கழிக்கப் போகும்போதும் கயிற்றோடு. வலி குறைந்த இரண்டாவது வாரத்தில் சோபாவில் தாவும், ஸ்க்ரூ அப்போதுதான் தளரும். கட்டுக்குக் கீழே தெரியும் நடுவிரல்கள் இரண்டையும் தினம் இருமுறை பாருங்கள். அவை வீங்கி விலகினாலோ, சில்லிட்டாலோ, கட்டு நனைந்தாலோ, வாடை வந்தாலோ அன்றே அவிழ்த்து மாற்ற வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள், அதுவரை தையலை நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு.

அல்னா மட்டும் வெட்டிய குட்டிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. கயிற்றில் மெல்ல நடக்கவிடலாம். பாதம் ஊன்றி நடப்பது நல்லது. ஆனால் வளர்ச்சி முடியும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, அந்த இடைவெளி திறந்தே இருக்கிறதா என்று பாருங்கள். மூடிவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும்.