ஃபிஜிக்குப் பூசிய வண்ணம்

வணக்கம் ஐயா,

தமிழர் வாழும் நாடுகளை வண்ணமிட்டுக் காட்டும் இணைய வரைபடம் ஒன்றை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காகச் செய்துவருகிறேன். தட்டை வரைபடத்தில் ஃபிஜியைத் தீட்டினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பட்டை விழுகிறது. டி3 என்ற வரைபட நிரல்தொகுப்பைக் கொண்டு உருண்டையில் இலங்கையை மட்டும் தீட்டிப் பார்த்தேன். இலங்கை வெறுமையாக இருக்க, மீதி உலகமெல்லாம் வண்ணம். நாட்டெல்லைகள் உள்ள கோப்பில் பிழையா?

ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள டீச்சர்,

இலங்கையைப் பொறுத்தவரை கோப்பில் பிழை இருக்க வாய்ப்பில்லை. தாளில் வரைந்த மூடிய கோட்டுக்கு உட்புறம் எது என்பதில் சந்தேகம் வராது. உருண்டையில் வரும். நிலநடுக்கோடும் ஒரு மூடிய கோடுதான். அதன் உட்புறம் வடக்கா, தெற்கா? இலங்கையின் கரைக்கோடும் அப்படியே. அது தீவின் எல்லையாகவும் இருக்கலாம், தீவு நீங்கலான உலகத்தின் எல்லையாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று கணினிக்குச் சொல்வது, கோட்டை உருவாக்கும் புள்ளிகள் சுற்றிவரும் திசை. இப்படிப்பட்ட எல்லைகளை எழுதிவைக்கும் கோப்பு வடிவம் ஜியோஜேசன். 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற அதன் தரம், வெளிவளையம், அதாவது வெளி எல்லைக்கோடு, கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற வேண்டும் என்கிறது. டி3 எதிர்பார்ப்பதோ கடிகாரச் சுற்று. ஆகவே டி3-க்குக் கொடுக்கும் முன் புள்ளி வரிசையைத் திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும். தட்டை வரைபடங்கள் பெரும்பாலும் இந்தத் திசையைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் ஃபிஜி. 180 பாகை தீர்க்கக்கோடு அங்குள்ள தவேயுனித் தீவின் குறுக்கே போகிறது. தட்டை வரைபடத்தின் இடது, வலது ஓரங்கள் இரண்டும் வழக்கமாக அந்தக் கோடுதான். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் தீர்க்கரேகை 179.9, -179.9 என்று இருந்தால் நிஜத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. தட்டை வரைபடமோ ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், பிரேசில் வழியாகக் கோடு இழுத்துவிடும். 180-இல் வெட்டி இரண்டு துண்டாக்கி, பல துண்டுகளை ஒரே நாடாகச் சேர்த்துவைக்கும் மல்ட்டிபாலிகனாக வையுங்கள். தரமும் அதையே பரிந்துரைக்கிறது. லீஃப்லெட் என்ற தட்டை வரைபட நிரல்தொகுப்பு என்றால் -179.9-ஐ 180.1 என்று எழுதினாலும் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முழு நாட்டையும் தீட்டாதீர்கள். இணையத்தில் வழக்கமான, வெப் மெர்க்கேட்டர் எனப்படும் தட்டை வரைபடத்தில் 60 பாகை அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்காக ஊதித் தெரியும். டொரொண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களுக்காக ஆர்க்டிக் தீவுகள்வரை வண்ணம் பூசுகிறோம். மொரிஷியஸ் இருப்பதே தெரிவதில்லை. பிள்ளைகள் பரப்பைப் பார்த்துத்தான் ஆள்கணக்குப் போடுவார்கள். நானாக இருந்தால் மலேசியாவை மாநிலவாரியாகப் பிரித்து, பினாங்கு, பேராக், சிலாங்கூரை அழுத்தமாகவும் சரவாக்கை மங்கலாகவும் காட்டுவேன். கனடாவுக்கு டொரொண்டோ மேல் ஒரு வட்டம் போதும். மொரிஷியஸுக்கும் வட்டமே போடுங்கள், அப்போதுதான் அது பிள்ளைகள் கண்ணில் படும்.