புனைபெயரை முதலில் எழுதி வையுங்கள்

கேள்வி: அப்பா 1960களின் நடுவில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழ்ச் சங்க இதழில் புனைபெயரில் கவிதை எழுதினேன் என்பார். இப்போது அவர் இல்லை. அதை எங்கே தேடுவது? அவருடைய பெட்டியில் நாலைந்து றோனியோ இதழ்களும் (ஸ்டென்சில் எனும் மெழுகுத்தாளில் எழுத்து வெட்டி, பொறியில் சுற்றிப் பிரதியெடுத்தவை) கிடக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ரொறன்ரோ

சங்க இதழ் என்றால் பெரும்பாலும் 'இளங்கதிர்' ஆகத்தான் இருக்கும். அதன் பழைய இதழ்கள் பலவற்றை, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அப்பாவின் பெயரைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லையென்று விட்டுவிடாதீர்கள். புனைபெயரில் வந்த கவிதை இயற்பெயருக்கு எப்படி அகப்படும்? அவர் படித்த ஆண்டுகளின் இதழ்களைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கவிதைப் பக்கத்தோடு நிற்காமல் செயலாளர் அறிக்கை, குழுப்படத்தின் கீழ் உள்ள பெயர்கள், போட்டி முடிவுகள் எல்லாவற்றையும் பாருங்கள். இயற்பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் அவைதான். இணையத்தில் இல்லாத ஆண்டுகளுக்குப் பேராதனைப் பிரதான நூலகத்தைக் கேளுங்கள்.

றோனியோ இதழ்களின் கதை வேறு. அச்சகத்தில் அடித்தவற்றுக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குப் பிரதி போகவேண்டும். தேசிய சுவடிகள் கூடத்தில் தேடிப் பார்க்க வழியுண்டு. விடுதி அறையில் ஸ்டென்சில் வெட்டி, ஐம்பது நூறு பிரதி சுற்றிக் கைக்குக் கை கொடுத்த இதழை யார் பதிவு செய்தார்கள்? உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

ஆகவே அவசரப்பட்டு எதையும் ஒட்ட வேண்டாம். செலோரேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கடதாசியையும் கெடுக்கும். லமினேற் செய்தால் திருப்பி எடுக்க முடியாது. இதழைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பியைப் பிடித்து இழுத்தால் மூலை கையோடு வரும். இதழைக் கவிழ்த்து, கம்பியின் மடிந்த கால்களுக்குக் கீழே தடித்த பிளாஸ்ரிக் துண்டொன்றைச் செருகி, மழுங்கிய கத்தியால் மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு முன்பக்கமாகக் கழற்றி, அதே துளைகளில் பருத்தி நூலைக் கோத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். அப்பாவின் கவிதையை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுவோரும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! முழு இதழாக இருந்தால்தான் அது ஆவணம்.

கொடுப்பதற்கு முன் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். மூலம் பல்கலைக்கழகத்துக்கு, கோப்பு நூலகம் நிறுவனத்துக்கு, இன்னொன்று உங்களுக்கு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் போன பின்னும் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பது நமக்குக் கட்டாது.

காகிதத்தைக் கொடுத்தால் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. அப்பாவின் கவிதைகளை இணையத்தில் போட நீங்கள் கடிதம் கொடுக்கலாம். அதே இதழில் எழுதிய நண்பர்களுக்காகக் கொடுக்க முடியாது.

இதழ்களோடு ஒரு தாளும் வையுங்கள்: எந்தப் புனைபெயர் யாருடையது, ஸ்டென்சில் வெட்டியவர் யார், எந்த விடுதி, எந்த ஆண்டு. அருணாசலம் விடுதியிலோ ஜயதிலக விடுதியிலோ அப்பாவோடு இருந்தவர் எவராவது உங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலேயே இருப்பார். ஸ்கேன் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு இந்த வாரமே தொலைபேசி எடுங்கள்.