தீவுக்கு ஒரு பூசணி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் நயினாதீவில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பூசணி விதை வாங்கி எட்டு வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தோம். ஆச்சியின் பூசணி தட்டையாக, வரி வரியாக இருக்கும், நல்ல மாப்பிடிப்பு. இந்த மாரியில் எங்களுக்குக் காய்த்ததோ வீட்டுக்கொரு விதம். சிலது நீளம், சிலது வெளிறல், கறி வைத்தால் தண்ணீர் விடுகிறது. எடுத்து வைத்த பயற்றை விதையையும் வண்டு துளைத்துவிட்டது. "கடையில் பைக்கற் விதை இருக்க ஏன் இந்த வீண் வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விதையில் பிழையா, எங்களில் பிழையா?

ஓர் ஆசிரியை, நயினாதீவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆச்சியின் விதையிலும் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை. தேனீ தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் விடியலில் விரிந்து, வெயில் ஏற வாடிவிடும். அதற்குள் எந்தக் கொடியின் மகரந்தம் வந்து சேர்கிறதோ, அந்தக் கொடிதான் விதைக்குத் தகப்பன். கலந்தது அந்த வருடக் காயில் தெரியாது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியினுடையது. உள்ளே விதையில் இருக்கும் கலப்பு, அதை நட்டுக் காய்த்த பிறகுதான் வெளியே வரும். ஆச்சி விதை எடுத்த காயும் அவருடைய பழைய பூசணி போலத்தான் இருந்திருக்கும்.

தகப்பன் எங்கிருந்து வந்தான்? நான் சந்தேகப்படுவது குப்பைமேட்டை. உங்கள் ஊரில் அம்மன் கோயில் அன்னதானத்துக்கு வெளியிலிருந்து எவ்வளவு பூசணி வந்து இறங்குகிறது! குடலோடு எறியப்படும் விதை மழைக்குத் தானாக முளைத்துக் கொடியாகும். யாரும் நட்டதில்லை, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதுமில்லை. ஒரு நடை போய்ப் பாருங்கள்.

உங்கள் தீவு முழுவதும் 4 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். தேனீக்கு அது ஒரு காலைப் பொழுது. ஆகவே எட்டு வீடு கவனமாக இருந்து, ஒன்பதாவது வீடு வேறு பூசணி போட்டாலும் கலந்துவிடும். இதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். பெருநிலத்தில் அடுத்த ஊர்த் தோட்டத்தை யாராலும் தடுக்க முடியாது. உங்களுக்கோ கடல் வேலியாக நிற்கிறது. நடுக்கடலில் பூ இல்லை, தேனீ அங்கே அலைய வேண்டிய தேவையும் இல்லை. ஊர் ஒத்துக்கொண்டு ஒரே பூசணியைப் போட்டால், தோட்டக்காரர் ஆசைப்படும் தனிமை உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. சனத்தோடு பேச வேண்டிய வேலை இது. செடியோடு செய்யும் வேலை அதற்குப் பிறகுதான்.

அதுவரைக்கும் கையால் செய்யுங்கள். மாலையில் கொடியைப் பார்த்தால், மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி மஞ்சளாகியிருக்கும். ஒரு பெண்மொட்டையும் வேறொரு கொடியின் ஆண்மொட்டையும் நூலால் கட்டிவிடுங்கள். விடிய எழும்பி, ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் மெல்லத் தடவுங்கள். உடனே பெண்பூவைத் திரும்பக் கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது கறிக்குப் பிடுங்கிவிடுவார்கள். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பருவத்தில் பறித்து, இன்னும் ஒரு மாதம் வீட்டுக்குள் வையுங்கள். பறித்த பிறகும் உள்ளே விதை முற்றிக்கொண்டிருக்கும். ஆச்சியின் பழைய குணத்தோடு காய்த்த கொடி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கொடியோடு நில்லாமல் நாலைந்து கொடிகளில் விதை எடுங்கள்.

பயற்றையில் இந்தத் தொல்லை இல்லை. பூ விரியுமுன்னே பெரும்பாலும் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் வண்டு தோட்டத்திலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. போத்தலில் போட்ட பிறகு சாம்பல் கலப்பது பாதி வைத்தியம்தான். காய் காய்ந்தவுடன் பிடுங்கி, விதையைப் பல்லில் கடித்தால் உடையும் அளவுக்கு உலர்த்தி, யாருடைய வீட்டிலாவது உறைபெட்டி இருந்தால் நாலு நாள் அதில் வைத்து எடுங்கள். உப்புக் காற்றில் கடதாசிப் பையை நம்பாதீர்கள். நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து போத்தலின் அடியில் போட்டு, இறுக மூடுங்கள். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைய, அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று ஒரு விதி இருக்கிறது.

பைக்கற் விதையோடு எனக்குப் பகையில்லை. சாப்பிடுவதற்குப் போடுங்கள். ஒட்டுவீரிய விதையாக, அதாவது இரண்டு இரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதையாக இருந்தால் அதன் பிள்ளைகள் தாயைப் போல வராது, அடுத்த வருடமும் கடைக்குத்தான் போகவேண்டும். கடையில் எப்போதும் இருக்கும் என்று சொல்கிறவர்கள் 2022இன் பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டார்கள்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு என் அம்மம்மாவைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். நாங்கள் புங்குடுதீவு. அவருடைய விதையெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில், நெஸ்டமோல்ட் பேணிகளில் இருக்கும். பேணியைத் திறந்தால் புகையும் வேப்பிலையும் மணக்கும். 1991இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பேணிகள் பரணிலேயே நின்றுவிட்டன. கத்தரி போனது, புடோல் போனது. பயற்றை மட்டும் தப்பியது. அதற்கு முந்தைய வருடம் சண்டிலிப்பாயில் சம்பந்தி வீட்டுக்கு ஒரு சுண்டு விதை கொடுத்திருந்தார். அவர்கள் அதை வேலியோரம் போட்டு வந்திருக்கிறார்கள். அங்கே போய் இறங்கிய முதல்நாள், கொடியில் நுனி ஊதாவாகத் தொங்கிய காயைப் பார்த்துவிட்டு அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு முற்றல் காயைப் பிதுக்கி, சிவப்பு விதையின் தலையில் அந்த வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அதனால் எட்டு வீட்டுக்கும் எட்டுப் பயிரைப் பிரித்துக் கொடுத்தாலும், ஒவ்வொரு விதையும் குறைந்தது இரண்டு வீட்டில் இருக்கட்டும். ஒன்று தீவுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பயற்றை இப்போதும் என் வளவில் நிற்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் வரும் ஆளிடம் ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறேன். புரட்டாதி முதல் மழைக்குப் போடுங்கள். பாதியை ஆச்சியிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா