மீட்டேனா, மீட்டினேனா?

அடகு நகையை "மீட்டினேன்" என்று கடிதத்தில் எழுதியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். தவறுங்க. "மீட்டேன்" என்று மாற்றுங்கள்.

மீட்டினேன், மீட்டுவேன் என்பவை வீணைக்கு உரியவை. நகைக்கு மீட்டேன், மீட்பேன், மீட்க வேண்டும். குழப்பம் எங்கே பிறக்கிறது என்றால், "நகையை மீட்டு வந்தேன்" என்பதில் "மீட்டு" எச்சம். அதையே வேர்ச்சொல்லாக எண்ணி "இன்" சேர்த்துவிடுகிறோம். வீணைக்கு எச்சம் "மீட்டி".

"நகையை மீட்ட வேண்டும்" என்பதும் இதே பிழைதான். படிக்கும்போதே நரம்பு அதிர்கிறது! ஆனால் "மீட்ட நகை" சரி, அங்கே அது பெயரெச்சம்.

தானாக விடுபட்டால் "மீண்டார்": நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார். பிறர் விடுவித்தால் "மீட்டார்": கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்டார்கள்.

"திரும்பப் பெற்றேன்" என்றும் எழுதலாம். ஆனால் "மனுவைத் திரும்பப் பெற்றார்" என்றால் விலக்கிக்கொண்டார் என்று பொருள். அலுவலகக் கடிதத்தில் கவனம் தேவை. பேச்சில் "நகையைத் திருப்பினேன்" என்பது நல்ல வழக்கு. வீட்டுக்கு எழுதும் கடிதம் என்றால் அதையே எழுதுங்கள், அழகாக இருக்கும்.