பெரியப்பா பிரிண்ட் எடுத்து வந்த சைட்டேஷன் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த அம்மாவுக்கும், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவர் கணவருக்கும் நான் எழுதும் பதில் இது. மகள் மாநகராட்சிப் பள்ளியில் பயோ-மேத்ஸ் முடித்தவள். நீட்டில் தகுதி மதிப்பெண் வந்துவிட்டது, அரசு சீட்டுக்குப் பத்தாது. "மெடிக்கல் ரிசர்ச்தான் பண்ணணும்" என்கிறாள். பெரியப்பாவோ தூரத்து உறவான ஒரு டாக்டரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தை நீட்டி, "ஆயிரக்கணக்குல சைட்டேஷன்! எம்.பி.பி.எஸ். இல்லாம இது நடக்குமா? வீட்டை அடமானம் வெச்சாவது நிகர்நிலையில சேர்த்துடு" என்கிறார்.

உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் முதலில் அந்த வீட்டுப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் அதற்கு வட்டிகூடக் கட்ட முடியாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பெரியப்பாவின் தாளுக்கு வருகிறேன். சைட்டேஷன் என்றால், ஒருவர் கட்டுரையை வேறு கட்டுரைகள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை. அதே பக்கத்தில் இருக்கும் எச்-இண்டெக்ஸ் என்பது ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. அது 20 என்றால், குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன, அவ்வளவுதான். எத்தனையில் அவர் முதல் பெயர், எத்தனையில் கூட்டத்தில் ஒருவர் என்று அந்த எண் சொல்லாது. உலக நோய்ச்சுமை ஆய்வுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இருக்கும். சைட்டேஷன் எல்லோர் கணக்கிலும் ஏறும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் ஏறும். மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கே கட்டுரை வேண்டும் என்பதால், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் பெருகிவிட்டன. உங்கள் உறவுக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் கட்டுரைகளை நான் படிக்கவில்லை, பெரியப்பாவும் படிக்கவில்லை.

சேத்துப்பட்டில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, 1956இல் அது ஒரு சிறிய சிகிச்சை ஆய்வு மையம். காசநோயாளிகளில் யாரை சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், சேர்ப்பது, யாருக்கு வீட்டிலேயே மருந்து கொடுப்பது என்று டாக்டர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போல ரேண்டமாகப் பிரித்தார்கள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு; ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. கட்டுரையை எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. எந்தத் தனி ஆளின் எச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது.

இதைச் சொன்னபோது உங்கள் மகள் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேரை எடுக்கணும்னு எப்படி சார் முடிவு பண்றாங்க?" அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ ஆய்வுக்கான புள்ளியியல். பழைய மருந்தில் நூற்றுக்கு 80 பேர் குணமாகிறார்கள், புதியதில் 90 பேர் குணமாவார்கள் என்று நினைக்கிறோம். வழக்கமான கணக்குப்படி ஒரு பிரிவுக்குச் சுமார் 200 பேர் போதும். 90 அல்ல, 85தான் என்றால்? வித்தியாசம் பாதியாகிறது, ஆள் தேவையோ 900ஐத் தாண்டுகிறது. இது தெரியாமல் 40 பேரை வைத்து எழுதிய கட்டுரைக்கு எத்தனை சைட்டேஷன் இருந்தென்ன? டாக்டர்களின் எம்.டி. தீசிஸுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சாம்பிள் சைஸ் போடுவது, டேட்டாவைச் சலித்துப் பிழை பிடிப்பது, யாரை எந்தப் பிரிவில் போடுவது என்ற பட்டியலை டாக்டர் கண்ணில் படாமல் வைப்பது எல்லாம் இந்தப் படிப்பு படித்தவர்கள் வேலை. கட்டுரையில் பெயர் பெரும்பாலும் நடுவில் வரும், அதற்கு மனசு பழக வேண்டும்.

வழி இதுதான். மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், வண்ணாரப்பேட்டையிலிருந்து தினமும் போய்வரலாம். ப்ளஸ் டூவில் கணக்கு இருப்பதால் சிக்கலில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். படிக்கும்போதே புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளைக் கற்கட்டும், இலவசம். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு முயலலாம். ஆராய்ச்சி நிறுவனங்களில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் புராஜெக்ட் அடிப்படையில், ஒப்பந்தம்தான். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியப்பா அறிமுகப்படுத்தும் ஏஜெண்ட் "சீட்டை பிளாக் பண்ண அட்வான்ஸ்" என்று வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிகர்நிலை எம்.பி.பி.எஸ். இடங்களும் மத்திய அரசின் எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன.