மதுரையை விட்டுப் போனவர்கள் திரும்ப ஊருக்கு வரும்போது எங்கே, என்ன சாப்பிடுகிறீர்கள்?

இரண்டு நாள்தான் லீவு, கோனார் மெஸ் கறி தோசை, அம்சவல்லி பிரியாணி, கோபு ஐயங்கார் கடை டிபன், ஜிகர்தண்டா, அயிரை மீன் குழம்பு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், இதில் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மதுரையில் படித்து, முதல் வேலையும் அங்கேயே பார்த்துவிட்டு, அப்புறம் பிழைப்புக்காக வெளியூர் போனவன்தான். என்னைக் கேட்டால் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

அங்கே குடியிருந்த காலத்தில் என்ன சாப்பிட்டோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கறி தோசை என்பது வெளியூரிலிருந்து மாமா, சித்தப்பா யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவது. பிரியாணி சம்பளம் போட்ட வாரத்தில். மற்ற நாளெல்லாம் தெருமுக்கில் நின்றபடி ஒரு டீ, ஒரு வடை, ராத்திரி பசித்தால் நாலு இட்லி, பையில் காசு இருந்தால் இரண்டு புரோட்டா, அவ்வளவுதான். பேர் பெற்ற கடைகளை ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள், நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு நாள் பயணத்தில் நேரத்தைக்கூட எப்படியாவது ஒதுக்கிவிடலாம், பசியை ஒதுக்க முடியாது. மதியம் ஏதாவது மெஸ்ஸில் உட்கார்ந்து சுக்கா, கோலா உருண்டை, மீன் குழம்பு என்று இலையை நிரப்பிவிட்டால் சாயங்காலம் வடைச் சட்டி முன்னால் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம்.

அதனால் நான் மதிய வேளையைப் பெரும்பாலும் விட்டுவிடுவேன். வெயிலில் ஒரு நன்னாரி சர்பத்தோ மோரோ குடித்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் தப்பிக்க முடியாமல் சாப்பிட்டால் சாப்பிட்டது, இல்லையென்றால் இல்லை.

காலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இதில் மாட்டுப்பாலுக்கு வேலையே இல்லை. பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து எடுத்த பாலில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய் போட்டு, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். ஒரு டம்ளர் குடித்தால் வயிறு கனமாக இருக்கும், டிபனைப் பத்து மணிக்குத் தள்ளிப்போடலாம். சுக்கின் காரம் தொண்டையில் இறங்க வேண்டும், வெறும் இனிப்பாக இருந்தால் அடுத்த முறை வேறு வண்டி பாருங்கள். அந்த நேரத்திலேயே மாசி வீதிகளை ஒரு சுற்று நடந்துவிடுவது நல்லது, ஒன்பது மணிக்கு மேல் அங்கே லாரி, தள்ளுவண்டி, இரு சக்கர வாகனம் என்று கால் வைக்க இடம் இருக்காது. சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அங்கே மட்டும் நிம்மதியாக நடக்கலாம்.

சாயங்காலம்தான் முக்கியம். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், சொந்தக்காரர் வீடுகளையெல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். முதலில் முள்ளுமுருங்கை வடை. கல்யாண முருங்கை இலையை அரிசியோடும் உளுந்தோடும் அரைத்து, பூரி மாதிரி மெல்லிசாகத் தட்டி எண்ணெயில் போடுவார்கள். பச்சை நிறத்தில் உப்பி வரும், எடுத்த சூட்டோடு காரப்பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள், நான் அந்தச் சாக்கில்தான் சின்ன வயதில் மூன்றாவது வடையைக் கேட்பது. பார்சல் மட்டும் வாங்காதீர்கள். ஆறினால் தோல் மாதிரி இழுக்கும், பொடியெல்லாம் எண்ணெயில் ஊறிக் கசியும், சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று விரல் சுடச்சுடத் தின்றால்தான் அது வடை. போன முறை அதை நான் போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டு வடை போடுகிற அக்கா, "தம்பி வெளியூரா, பொடி கம்மியாப் போடவா?" என்று கேட்டார். நான் இந்த ஊர்தான் அக்கா, நிறையவே போடுங்கள் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜிகர்தண்டா வேண்டுமென்றால் அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் நடந்துவிடலாம். சுண்டக் காய்ச்சி நிறம் மாறின பால், கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சின்ன கிளாஸ் போதும், பெரியது கேட்டால் ராத்திரி புரோட்டா போச்சு. கூட்டத்தில் நிற்கிற நேரத்தில் கூட வந்த பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை: பிரிட்டிஷ் காலத்தில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் பழைய கோட்டைச் சுவரை இடிக்க வைத்ததால்தான் ஊருக்கு இன்றைய வெளி வீதிகள் கிடைத்தன, அந்த விளக்குத்தூண் அவர் நினைவாக நட்டது. பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லிவைக்கலாம்.

ராத்திரிக்கு இட்லியும் குடல் குழம்பும், அல்லது புரோட்டாவும் சால்னாவும். இதற்குக் கடைப் பெயர் சொல்ல மாட்டேன், மறைப்பதற்காக இல்லை, உங்கள் பழைய தெருவில் எந்தக் கடை இருந்ததோ அங்கே போங்கள் என்பதற்காக. அந்தக் கடை அங்கே இல்லாமலும் போயிருக்கலாம். பெரியார் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துப் புதிதாகக் கட்டி 2021 கடைசியில் திறந்த பிறகு நான் போனபோது, அந்தப் பக்கம் வழக்கமாக நிற்கும் தள்ளுவண்டிகளில் பாதியைக் காணோம். கேட்டால் ஆளுக்கொரு திசை சொல்கிறார்கள். தேடிக்கொண்டு ஆட்டோவில் அலைய வேண்டாம், பக்கத்தில் எந்தக் கல்லில் கூட்டம் நிற்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுங்கள். பத்து வருடம் முன்னால் இருந்த ருசி இல்லை என்று முதல் வாயிலேயே தீர்ப்பு சொல்கிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மதுரையிலேயே தங்கிவிட்ட நண்பர் இருந்தால் அவரோடு போங்கள். அவர் எந்தக் கடைக்கும் ஏங்கிக்கொண்டு இருக்க மாட்டார், இப்போது எது நன்றாக இருக்கிறதோ அங்கே வண்டியைத் திருப்புவார். பன் புரோட்டா என்ற ஒன்றை எனக்குக் காட்டியது அப்படி ஒரு ஆள்தான். நான் இருந்த காலத்தில் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை, நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருந்தால் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள். பக்கத்தில் பிரேமவிலாஸில் சூடான அல்வாவை இலையில் வைத்துத் தருவார்கள், அதை நின்றே தின்றுவிட்டு ரயில் ஏறலாம்.

சரி, பட்டியலில் எதை வைத்துக்கொள்வது? கறி தோசை. கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கறி என்று அதை வீட்டில் செய்து பார்த்த யாருக்கும் அந்தக் கனமும் வேகலும் வந்ததில்லை. முதல் நாள் ராத்திரி சிம்மக்கல் கோனார் மெஸ்ஸுக்குப் போய் இரண்டு பேருக்கு ஒன்று சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அயிரை மீனுக்கு அடுத்த லீவு பார்த்துக்கொள்ளலாம்.